மானியம் தரும் மகராசர்களுக்கு

உலகம் சூடாகிக்கொண்டிருக்கிறது என்பதை எங்கள் திருப்போரூர் வட்டாரத்தில் முதன்முதலாகக் கண்டுபிடித்த பெருமை, கிழக்குக் கடற்கரைச் சாலை விடுதிகளின் கருத்தரங்கக் கூடங்களில் ஏசிக் குளிருக்குச் சால்வை போர்த்தி உட்கார்ந்திருந்தவர்களையே சேரும். அதற்கு முன் இங்கே யாருக்கும் ஒன்றும் தெரியாது. சூளேரிக்காட்டுக்குப்பத்து மீனவர்கள், வலை காயப்போட்ட மணலைக் கடல் தின்றுவிட்டது என்று பாமரத்தனமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஏரிப் பாசனக்காரர்கள், ஒரு பருவத்து மழை நாலு நாளில் மொத்தமாகக் கொட்டித் தீர்வதைக் காலக்கேடு என்றார்கள். தங்களுக்குப் 'பாதிப்புக்குள்ளாகக்கூடிய சமூகம்' என்று அழகான பெயர் ஒன்று இருப்பதை அவர்கள் அறிந்திருக்கவில்லை. பெயர் சூட்டினால்தானே மானியம் வரும்? சூட்டியவர்களுக்கு முதல் வணக்கம்.

அடுத்த வணக்கம், அந்த மானியத்தை யார் வாங்கலாம் என்று விதி வகுத்தவர்களுக்கு. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தையும் விதிகளையும் ஒருமுறை படித்துப் பாருங்கள். தாய்க்கும் இந்த அக்கறை வராது. பதிவு கேட்கும் அமைப்பு மூன்று ஆண்டாவது இயங்கியிருக்க வேண்டும். அந்த மூன்று ஆண்டுகளில் தன் முக்கியப் பணிகளுக்காகக் குறைந்தது 15 லட்சம் ரூபாய் செலவழித்திருக்கவும் வேண்டும். பணமே பார்க்காதவன் கையில் திடீரென்று பணம் வந்தால் மனசு கெட்டுவிடும் அல்லவா? ஏற்கெனவே 15 லட்சம் செலவழித்துப் பழகியவனுக்கு அந்த ஆபத்து இல்லை.

2020-இல் வந்த திருத்தம் இன்னும் ஒரு படி மேல். நன்கொடை எந்த நாட்டிலிருந்து வந்தாலும், எந்தக் குப்பத்துக்குப் போவதாக இருந்தாலும், முதலில் புது டெல்லி நாடாளுமன்ற வீதியிலுள்ள ஸ்டேட் வங்கிக் கிளைக் கணக்கில்தான் இறங்க வேண்டும். நெம்மேலியில் பத்துத் தூண்டில் வளைவுக் கல் வாங்கப் போகும் ரூபாய்கூடத் தலைநகரைத் தரிசித்துவிட்டுத்தான் வரும். அதே திருத்தம், பதிவு பெற்ற பெரிய அமைப்பு தான் வாங்கிய பணத்தில் சின்னச் சங்கங்களுக்குப் பகிர்ந்து கொடுப்பதையும் நிறுத்திவிட்டது. சிறுசுகளுக்கு அதுவரை இருந்த முக்கிய வழி அதுதான் என்பது உண்மையே. ஆனால் சிறுசுகள் சொந்தக் காலில் நிற்கப் பழக வேண்டாமா? நிர்வாகச் செலவின் உச்சவரம்பு 50 விழுக்காட்டிலிருந்து 20 ஆக இறங்கியது. கணக்கு மட்டும் முன்னைவிடத் துல்லியமாக எழுத வேண்டும், எழுதுகிறவர் சம்பளம் முன்னைவிடக் குறைய வேண்டும். சிக்கனத்துக்கு இதைவிட நல்ல பாடம் ஏது?

இத்தனை வாசலையும் கடந்து வருகிறவருக்காகக் காத்திருப்பது விண்ணப்பப் படிவம். ஆங்கிலத்தில்தான் இருக்கும். உள்ளூர் மக்களே முன்னின்று நடத்தும் திட்டம் என்பதால், உள்ளூர் மக்கள் ஒரு வார்த்தையும் படித்துக் குழம்பிவிடக் கூடாது என்ற நல்லெண்ணம். தர்க்கச் சட்டகம் வேண்டும், மாற்றக் கோட்பாடு வேண்டும், அடிப்படைத் தரவு வேண்டும். தரவு வாங்க ஊருக்குள் வரும் நல்ல பிள்ளைகளுக்கும் ஏரிக்கரையில் அகப்படும், கழனிகளுக்குத் தண்ணீர் பிரித்துவிடும் நீர்க்கட்டிப் பெரியவருக்கும் நடக்கும் பேச்சு அநேகமாக இப்படித்தான் போகும்:

"ஐயா, கலங்கல்ல எவ்ளோ தண்ணி போவுதுன்னு எத்தன வருஷமாப் பாக்கறீங்க?"

"எங்கப்பா காலத்துலேர்ந்து பாக்கறோம் தம்பி. இந்தக் கல்லு முழுகுனா அந்தக் கழனிக்குத் தண்ணி ஏறும்."

"அதுக்கு ஆதாரம் எதுனா இருக்குங்களா?"

"நான்தான் இருக்கேனே."

"உங்கள அப்லோட் பண்ண முடியாதுங்களே ஐயா."

அந்தப் பிள்ளையைக் குறை சொல்ல மாட்டேன். அவன் சம்பளமும் 12 மாதத் திட்டத்தில்தான் இருக்கிறது.

இந்த விஷயத்தில் நம் முன்னோர் ரொம்பவும் பின்தங்கியவர்கள். பக்கத்து உத்திரமேரூரில், முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 919-இலும் 921-இலும் சபையார் வெட்டி வைத்த கல்வெட்டுகளைப் பாருங்கள். ஏரி வாரியம் என்று ஒரு குழு. உறுப்பினரைக் குடவோலை போட்டுத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் மறுபடி வர முடியாது, அவருடைய நெருங்கிய உறவினரும் வர முடியாது. எவ்வளவு வெகுளிகள்! வேலையைக் கொடுத்துவிட்டு அப்புறம் கணக்குக் கேட்டிருக்கிறார்கள். நாம் வேலையைக் கொடுப்பதற்கு முன்பே மூன்று வருடக் கணக்கைக் கேட்டு வாங்கிவிடுகிறோம். மராமத்துச் செலவுக்காக ஏரிப்பட்டி என்று நிலம் விட்டு வைத்தார்கள். அதன் விளைச்சலில் ஆண்டுதோறும் தூர் எடுத்தார்கள். இடைக்கால அறிக்கை இல்லை, நிறைவு அறிக்கை இல்லை, நன்கொடையாளர் சின்னம் அச்சிட்ட டிஷர்ட் இல்லை. வேலை மட்டும் நடந்திருக்கிறது. ஆயிரம் வருடம் கழித்தும் அந்த ஏரிகளில் தண்ணீர் நிற்பதைத் தவிர, அவர்கள் எதைச் சாதித்தார்கள் என்பதற்கு ஒரு வெற்றிக் கதைக் காணொலிகூடக் கிடையாது.

கும்பினியார் காலத்திலும் நிலைமை தேறவில்லை. மதுராந்தகத்தில் ஏரிகாத்த ராமர் கோயில் கதை எல்லோருக்கும் தெரியும். பெரிய ஏரியின் கரை மழைக்கு மழை உடைந்தது. 1790-களில், ஜாகீர் எனப்பட்ட இந்த வட்டாரத்துக்குக் கலெக்டராக இருந்த லயோனல் பிளேஸ் துரையிடம், தாயார் சந்நிதி கட்ட உதவுங்கள் என்று ஊரார் கேட்டார்கள். இந்த வருடம் உங்கள் சாமி கரையைக் காப்பாற்றட்டும், கட்டித் தருகிறேன் என்றார் அவர். அடைமழை இரவில் கரையைப் பார்க்கப் போனபோது வில்லேந்திய இருவர் காவல் நின்றதைக் கண்டதாகவும், சந்நிதியைக் கட்டிக் கொடுத்ததாகவும் கதை. விளைவைப் பார்த்த பின்பு பணம் தருவது என்று இப்போது உலக வங்கிக்காரர்கள் புதிதாகச் சொல்கிறார்களே, அதைத் துரை அப்போதே செய்திருக்கிறார். ஒரே குறை, வேலையைச் செய்தவர் ஒப்பந்தப்புள்ளி போடவில்லை. தணிக்கையில் கட்டாயம் மாட்டியிருப்பார்.

சுதந்திர இந்தியா இதையெல்லாம் சீர்ப்படுத்தியது. 2017 மார்ச்சில் மணிமங்கலம் ஏரிக்கரையில் குடிமராமத்துத் திட்டம் தொடங்கியது. முதல் கட்டத்தில் 100 கோடி ரூபாய், 1,519 வேலைகள். ஆயக்கட்டுதாரர்கள் பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ 10 விழுக்காடு போட வேண்டும். விவசாயிகள் சங்கத்தின் பெயரில் ஒப்பந்தக்காரர்கள்தான் வேலை செய்கிறார்கள் என்று குறை சொன்னவர்கள் உண்டு. அவர்களுக்கு மனித மனம் புரியவில்லை. குடிமக்கள் வயலில் களைத்திருப்பார்கள்; அவர்கள் பெயர் மட்டும் வந்து வேலை செய்தால் போதாதா?

உலக அளவில் நடக்கும் தர்மத்தையும் சொல்லாமல் விடக் கூடாது. 2003-லிருந்து 2016 வரை பன்னாட்டுக் காலநிலை நிதியங்கள் ஒதுக்கிய பணத்தில், உள்ளூர் அளவிலான வேலைக்கென்று போனது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு என்று லண்டன் ஆய்வு நிறுவனம் ஒன்று கணக்குப் போட்டுச் சொன்னது. மீதி ஒன்பது பங்கும் வழியிலேயே நல்லவர்கள் பலரை வாழவைத்திருக்கும். வழிப்போக்கரைப் பட்டினி போடாத பண்பாடு நம்முடையது மட்டுமல்ல என்று தெரிந்து நெகிழ்ந்தேன். இந்தக் குறையைப் போக்க 2021 ஜனவரியில், உள்ளூர் மக்கள் தலைமையிலான தகவமைப்புக்கு என்று எட்டுக் கொள்கைகள் வகுத்து வெளியிட்டார்கள். பணம்தான் இறங்கவில்லை, கொள்கைகள் உடனே வந்து இறங்கின.

2024 டிசம்பரில் எங்கள் கந்தசாமி கோயில் உண்டியலில் ஒரு பக்தரின் ஐபோன் தவறி விழுந்த செய்தியை நாடே படித்தது. உண்டியலில் விழுந்தது முருகனுக்கே சொந்தம், வேண்டுமானால் உள்ளிருக்கும் தகவல்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று முதலில் சொல்லப்பட்டது. நாடு சிரித்தது, எனக்குச் சிரிப்பு வரவில்லை. தென்கொரியாவின் சாங்டோ நகரிலிருக்கும் பசுமைக் காலநிலை நிதியமும் இதே நெறியில்தான் நடக்கிறது. பணம் உள்ளே, எங்களுக்குத் தகவல்: கையேடு, வழிகாட்டி, இணையவழிப் பயிலரங்கு. ஒரு திட்டத்தைப் பரிசீலிக்க 24 மாதம் ஆகிறது, அதை 9 மாதமாகக் குறைக்கப் போகிறோம் என்று அறிவித்தார்கள். ஒன்பதே மாதம்! குழந்தையைப்போல ஒரு திட்டத்தையும் சுமந்து பெறலாம் என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது. இந்தியக் கடலோர மக்களின் தாங்குதிறனை உயர்த்த அந்த நிதியம் கொடுத்த பெரிய மானியம் ஆந்திரம், ஒடிசா, மகாராஷ்டிரம் ஆகிய மூன்று மாநிலங்களுக்குப் போனது. 1,076 கிலோமீட்டர் கடற்கரை வைத்திருக்கும் நமக்கு ஏற்கெனவே தாங்குதிறன் கூடுதல் என்று கணித்திருப்பார்கள். அந்த மதிப்பீட்டுக்கு நன்றி.

மத்திய அரசும் 2015-இல் தேசியத் தகவமைப்பு நிதியம் என்று ஒன்று தொடங்கி, நபார்டு வழியாக 30 திட்டங்களுக்குப் பணம் தந்தது. மன்னார் வளைகுடாக் கடலோர வாழிடங்களைச் சீரமைக்கும் வேலை தமிழ்நாட்டுக்குக் கிடைத்தது. 2022 நவம்பரில் அந்த நிதியம் திட்டம் என்ற தகுதியிலிருந்து விடுவிக்கப்பட்டது. இனி அது எந்தக் கடமையும் இல்லாமல் சுதந்திரமாக இருக்கலாம். நல்ல ஓய்வு.

நியாயமாகச் சொன்னால் ஒரு சின்ன விதிவிலக்கு உண்டு. 1992-இல் தொடங்கிய உலகச் சுற்றுச்சூழல் வசதியத்தின் சிறுமானியத் திட்டம், வழக்கமாக ஐம்பதாயிரம் டாலருக்கு மிகாத அளவில், ஊர்ச் சங்கங்களையும் மகளிர் குழுக்களையும் நேராகத் தேடிப் போனது. சின்னத் தொகை, சின்ன வேலை, அருகிலிருந்து பார்க்கும் ஆள். இந்த ஒரு பத்தியில் மட்டும் வஞ்சம் இல்லை.

நம் மாநில அரசைப் பாராட்ட வார்த்தை போதாது. 2022 டிசம்பரில் தமிழ்நாடு காலநிலை மாற்ற இயக்கத்தைச் சென்னையில் மாநாடு கூட்டித் தொடங்கினார்கள். அதே வாரம், 9-ஆம் தேதி இரவு, மாண்டஸ் புயல் மாமல்லபுரத்துக்கு அருகே கரையைக் கடந்தது. அழைப்பிதழ் வைக்காமலே வந்து சிறப்பித்த ஒரே பிரமுகர். மாவட்டந்தோறும் இயக்கத்துக்குக் கலெக்டரே தலைவர், வன அலுவலரே காலநிலை அலுவலர் என்று ஆனது. வேறு வேலை ஏதுமின்றி வாடிக்கொண்டிருந்த அதிகாரிகளைக் கண்டுபிடித்த நுட்பத்தை மெச்சத்தான் வேண்டும். 2023-24 நிதிநிலை அறிக்கையில் நெய்தல் மீட்சி இயக்கம் வந்தது: உலக வங்கி உதவியோடு ஐந்து ஆண்டுகளில் 2,000 கோடி. உலக வங்கியின் உதவி என்பது வட்டியோடு திருப்பிக் கட்டும் கடன். தட்பவெப்பத்தைக் கெடுத்த நாடுகளின் பணத்தைக் கெடுக்காத மீனவன் பெயரில் கடனாக வாங்கி, கொடுத்தவருக்குக் கொடையாளர் பட்டமும் சூட்டுகிற பெருந்தன்மை வேறு யாருக்கு வரும்?

பனை நடுவதிலோ நாம் மகா சாதனை படைத்திருக்கிறோம். 2021-22 வேளாண் நிதிநிலை அறிக்கை 30 மாவட்டங்களில் 76 லட்சம் பனை விதைகளை அறிவித்தது. பின்னர் கடற்கரை நெடுக ஒரு கோடி விதை என்று இயக்கமே நடந்தது. சிதம்பர சுவாமிகள் பனங்காட்டிலிருந்து முருகனை மீட்டுக் கோயில் எழுப்பினார் என்பது எங்கள் ஊர்த் தலவரலாறு. ஆகவே பனை என்றால் இங்கே முதலில் கைதட்டுகிறவர்கள் நாங்கள். விதை போட்ட மறுநாளே படம், மூன்றாம் மாதம் முளைப்பு விழுக்காடு, பன்னிரண்டாம் மாதம் நிறைவு அறிக்கை. பனைக்கு மட்டும் இந்த ஒழுங்கு வரவில்லை. முளை முதலில் மண்ணுக்குள் கீழ்நோக்கிப் போகிறது. மேலே ஓலை தலைகாட்டப் பல மாதம் ஆகிறது. பாளை விடப் பன்னிரண்டு, பதினைந்து வருடம். மானிய காலத்தை அனுசரித்து வளரும்படி யாராவது பனைக்குத் திறன் வளர்ப்புப் பயிற்சி கொடுக்க வேண்டும். கொட்டையைக் குழியில் போட்டவர்கள் மாட்டைத் துரத்தவும் வேலிமுள் வைக்கவும் ஆள் கேட்டால், அது அடுத்த நிதிச் சுற்றில் பரிசீலிக்கப்படும்.

கொடுக்கும் கைக்கு இன்னொரு கையும் உண்டு. நெம்மேலியில் 2013-இல் நாளுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது. 2024 பிப்ரவரியில் 15 கோடி லிட்டருக்கு இன்னொன்று வந்தது. ஆலை கட்டிய நாளிலிருந்து கரை அரிக்கிறது, உவர்க்கழிவால் மீன் விலகுகிறது என்று பக்கத்துக் குப்பத்தார் சொல்லி வருகிறார்கள். கோவளத்து உப்பங்கழியையும் உவர்நிலத்தையும் நீர்த்தேக்கமாக்கும் திட்டத்தை, நண்டும் இறாலும் பிடிக்கும் இடம் இது என்று எதிர்த்தார்கள். இவர்கள் பார்வை குறுகியது. வெள்ளத்தை வாங்கி வைக்கும் கழியைக் கழியாகவே விட்டால் அதில் என்ன திட்டம் இருக்கிறது? முதலில் மூடினால்தானே பிறகு 'சதுப்பு நில மீட்பு' என்று ஒரு மானியம் கேட்கலாம்? ஒரே இடத்தில் இரண்டு முறை வளர்ச்சி.

அடுத்த அழைப்புக்காக எங்கள் தரப்பிலும் ஒரு கருத்துரு தயாராகிவிட்டது. தலைப்பு: 'காலநிலை மானியத்துக்கு விண்ணப்பிக்கும் திறனை அடித்தட்டு மக்களிடம் வளர்த்தல்'. காலம் 12 மாதம். செலவினங்கள்: ஆங்கிலம் எழுதத் தெரிந்தவர் ஒருவர், தணிக்கையாளர் ஒருவர், கோட்பாட்டுப் படம் வரைய ஒரு கணினி, மூன்று ஆண்டு இயங்கிய அனுபவத்தைப் பெற மூன்று ஆண்டுச் செலவு, தொடக்க விழா, நிறைவு விழா, இரண்டுக்கும் பேனர். ஏதாவது மிஞ்சினால் மதகுக்கு ஒரு பலகை வாங்கிப் போடலாம் என்று நீர்க்கட்டிப் பெரியவர் கேட்டிருக்கிறார். பலகை மூலதனச் செலவில் வரும், விதியில் இடமில்லை என்றால், அந்த வரியை மட்டும் நீக்கிவிட எங்களுக்குச் சம்மதம்.