பெருமைக்குப் பகல் டியூட்டி

கேள்வி: மகன் பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டைப் பாதியில் விட்டுவிட்டு ராணுவத்தில் அக்னிவீரனாகச் சேர்ந்துவிட்டான். என் கணவர் டீக்கடை முதல் கோயில் வரை பெருமையடிக்கிறார். ராத்திரியோ தூங்காமல் புரளுகிறார். இது பெருமையா, பயமா?
– ஒரு வாசகி, வேலூர்

பதில்: இரண்டும்தான். பெருமைக்குப் பகல் டியூட்டி, பயத்துக்கு நைட் டியூட்டி.

புறநானூற்றில் ஒக்கூர் மாசாத்தியார் ஒரு தாயைக் காட்டுகிறார். அப்பா, கணவன் இருவரையும் போரில் இழந்தவள், ஒரே பிள்ளையின் பரட்டைத் தலைக்கு எண்ணெய் தடவிச் சீவி, கையில் வேலைக் கொடுத்து அனுப்புகிறாள். அன்றிரவு அவள் தூங்கினாளா என்று புலவர் சொல்லவில்லை. பெண் புலவர் அல்லவா, தெரிந்தேதான் விட்டிருப்பார்!

உங்கள் ஊர்ப் பக்கத்துக் கம்மவான்பேட்டையில் போய்ப் பெருமையடிக்க வேண்டாம் என்று கணவரிடம் சொல்லிவையுங்கள். அங்கே வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர்கள். “எந்த ரெஜிமெண்ட்?” என்று கேட்டுவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

ராத்திரிக் கவலைக்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். 2022-இல் வந்த இந்த அக்னிவீரர் திட்டத்தில் 4 ஆண்டு முடிந்ததும் அதிகபட்சம் 25 சதவீதம் பேரைத்தான் நிரந்தரமாக வைத்துக்கொள்வார்கள். மற்றவர்கள் கையில் கொஞ்சம் லட்சங்களோடு ஊர் திரும்ப வேண்டியதுதான். அக்னிவீரர்களுக்கென்றே இக்னோ பல்கலைக்கழகம் பட்டப்படிப்பு வைத்திருக்கிறது. ராணுவப் பயிற்சியே பாதி கிரெடிட்டாகக் கணக்காகும். விட்ட டிகிரியை அதில் பிடிக்கச் சொல்லுங்கள். கடிதத்தில் எழுதாதீர்கள், லீவில் வரும்போது சாப்பாடு போட்டுவிட்டுச் சொல்லுங்கள்.