வலையாசிரியர் இயல்: ஒரு சிற்றிலக்கணம்

நன்னூலின் பொதுப்பாயிரத்தில் பவணந்தி முனிவர் ஆசிரியரை நல்லார், அல்லார் என்று இரண்டாகப் பிரித்தார். நல்லாருக்கு உவமை நிலம், மலை, நிறைகோல், மலர். அல்லாருக்குக் கழற்குடம், மடற்பனை, பருத்திக்குண்டிகை, முடத்தெங்கு. மலையையே நல்லாசிரியருக்கு உவமையாகச் சொன்ன அவர், மலைக்கு மாறுதல் உத்தரவு வாங்கிய ஆசிரியரைப் பற்றி ஒரு சூத்திரமும் செய்யாமல் விட்டார். கையில் செல்பேசியோடு மலையேறும் பி.எட். மாணவர் 13ஆம் நூற்றாண்டில் இல்லை. ஆகவே அவரைக் குறை சொல்வதற்கில்லை. விட்டதை நிரப்ப எழுந்தது இச்சிறுநூல்.

நூலுக்கு எல்லை: கிழக்கே கள்ளக்குறிச்சிப் பேருந்து நிலையம், மேற்கே கல்வராயன் மலையின் வெள்ளிமலை. நடுவே கச்சிராயப்பாளையமும் கோமுகி அணையும். 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து 34ஆவது மாவட்டமான நிலம் இது. நூல் கேட்போர், தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 விதிகளால் ஓராண்டுப் படிப்பு ஈராண்டாகி, அதில் 20 வாரம் பள்ளியில் கழிக்க வேண்டியவர்கள்.

இனித் திணை. மலை குறிஞ்சி, அதற்கு உரிப்பொருள் புணர்தல் என்பது பழைய வழக்கு. நெட்டைப் பொறுத்தவரை இது பொருந்தாது. மலையில் செல்பேசிக்கும் டவருக்கும் உள்ள உறவு முல்லைக்குரிய இருத்தல். அதாவது, வரும் வரும் என்று காத்துக் கிடத்தல். பெரும்பொழுது மழைக்காலம், கரண்டும் டவரும் சேர்ந்தே போகும். சிறுபொழுது பிற்பகல், அன்றைய டேட்டா தீரும் நேரம்.

வலையாசிரியர் ஐவகையர்.

முதல்வகை ஒட்டுநர். வேறெங்கோ யாரோ செய்த பி.பி.டி.யை இறக்கித் தம் பெயரை ஒட்டுபவர். இவரை அறியும் குறி: கடைசி ஸ்லைடில் ரோஜாப்பூவும் நன்றியும், ஓரத்தில் அழிக்க மறந்த பிற கல்லூரிச் சின்னமும். ஸ்லைடில் உள்ளதை வாய்விட்டு வாசிப்பார். பிள்ளைகள் அதைப் பார்த்து எழுதுவார்கள். கரும்பலகை செய்த வேலையைத்தான் இங்கே மின்சாரம் செய்கிறது.

இரண்டாம்வகை ஓடவிடுநர். யூடியூபில் பாடத்தைப் போட்டுவிட்டு நாற்காலியில் அமர்பவர். பூவின் மகரந்தச் சேர்க்கைக்கு நடுவே நகைக்கடை விளம்பரம் வரும். வகுப்பு முழுவதும் கவனமாகப் பார்ப்பது அந்த இடத்தை மட்டும்தான்.

மூன்றாம்வகை பதிவர். ரெக்கார்டில் ஒட்டப் படம் வேண்டும் என்பதற்காகவே பாடம் நடத்துபவர். படம் எடுத்ததும் பாடம் முடிந்தது. இவரைப் பற்றி விரிக்க ஒன்றுமில்லை.

நான்காம்வகை அஞ்சுநர். ஸ்மார்ட் வகுப்பறைச் சாவி ஹெச்.எம். மேசையில் இருக்கும், கேட்கமாட்டார். ‘ரிப்பேர் ஆச்சுன்னா யார் சார் பதில் சொல்றது?’ என்பார். இவரை எள்ளுதல் தகாது. பொருள் கெட்டால் கேள்வியும், அது தூசியடைந்தால் மௌனமும் கிடைக்கும் இடத்தில் அச்சமே அறிவு.

அற்றேல், சாக்பீஸே போதாதோ எனின், பல பாடத்துக்குப் போதும் என்க. பெருக்கல் வாய்பாட்டுக்கு வலை எதற்கு? மின்சுற்றுக்கு வேண்டும். கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2002இல் கார்ல் வீமன் தொடங்கிய ‘ஃபெட்’ இலவசச் செயல்விளக்கங்களில் ஒன்று, திரையில் மின்கலமும் கம்பியும் பல்பும் தருகிறது. பல்பை விட்டுவிட்டு மின்கலத்தின் இரு முனைகளையும் வெறும் கம்பியால் இணைத்தால் தீப்பிடிக்கும். அவ்வாறு கொளுத்திப் பார்க்கும் உரிமையை நிஜ ஆய்வகம் எந்தப் பிள்ளைக்கும் தருவதில்லை. முதல் பிள்ளை தவறிக் கொளுத்தும்; அடுத்த நான்கும் வேண்டுமென்றே கொளுத்தும். ஏன் பிடித்தது என்று கேட்கத் தகுந்த நொடி அதுதான். அந்தக் கேள்வியை ஆசிரியர்தான் கேட்க வேண்டும், திரை கேட்காது.

ஐந்தாம்வகையினர் இதை அறிந்தவர். பெயர் இறக்கிச்செல்வோர். சிறுபான்மையர். ஞாயிற்றுக்கிழமை கள்ளக்குறிச்சியில் நல்ல சிக்னலில் உட்கார்ந்து, திங்கட்கிழமைக்கு வேண்டியதைச் செல்பேசியில் இறக்கிக்கொண்டு மலையேறுவார். ஃபெட்டின் மின்சுற்று நெட் இல்லாமலும் ஓடும். தீக்ஷா செயலியிலும் பாடங்களை இறக்கி வைக்கலாம். மற்றவர் இறக்குவதையே வகுப்பில்தான் தொடங்குவர். 2018இல் வந்த புதிய பாடநூல்களில் கியூ.ஆர். கோடு உண்டு. பக்கத்தை விரித்து, நிழல் விழாமல் செல்பேசியைப் பிடித்து, கோடு சிக்கியதும் திரையில் வட்டம் சுற்றத் தொடங்கும். முப்பது பேரும் வட்டத்தைப் பார்ப்பார்கள். ‘டீச்சர், எப்ப வரும்?’ பருத்திக்குண்டிகைக்குள் பஞ்சைச் சிறிது சிறிதாகத்தான் திணிக்கவும் முடியும், எடுக்கவும் முடியும். பஃபரிங் என்பதைப் பவணந்தியார் முன்பே கண்டிருக்கிறார்.

இறக்கிச்செல்வோருக்கு இன்னொரு இலக்கணமும் உண்டு: மலைப்பிள்ளைக்கு நெட் தெரியாது என்று எண்ணமாட்டார். அப்படி எண்ணுவது மலையை ஆவணப்படத்தில் மட்டும் பார்த்தவர் வழக்கு. கேரளத்துக்கோ கர்நாடகத்துக்கோ வேலைக்குப் போன அப்பா அம்மாவை வீடியோ காலில் பார்த்துப் பேசும் பிள்ளைகள் அங்கே உண்டு. சிக்னல் எந்தப் பாறைமேல் நின்றால் வரும் என்று ஆசிரியருக்குச் சொல்லித்தருவதும் அவர்களே. ஆதலால் உண்டு உறைவிடப் பள்ளியில் வலைத்தொழில்நுட்பப் பயிற்சியை யார் யாருக்கு அளிக்கிறார் என்பது ஆய்வுக்குரியது.

அரசு தன் பங்குக்குத் தந்தவை பல: 2019இல் கல்வித் தொலைக்காட்சி, 2023இல் மணற்கேணி செயலி, ஹை-டெக் லேப். குறை பொருளில் இல்லை. பி.எட். பிராக்டிகலில் மதிப்பெண் ஸ்லைடின் அழகுக்கு விழுகிறது. வட்டம் சுற்றும்போது என்ன செய்தார் என்பதற்கு விழுவதில்லை. ஒட்டுநரும் பதிவரும் முதல் வகுப்பில் தேறுவதற்குக் காரணம் இதுவே என்பது இந்நூலாசிரியர் துணிபு.

ஆகவே பயிற்சிக் கல்லூரிகளுக்கு ஒரு விண்ணப்பம். பாடக்குறிப்பேட்டில் கற்றல் விளைவு, துணைக்கருவி, மதிப்பீடு என்று கட்டங்கள் இருக்கின்றன. துணைக்கருவிக்குப் பக்கத்தில் ‘நெட் வராவிட்டால்’ என்று இன்னொரு கட்டம் போடுங்கள். அதைக் காலியாக விட்டவர் குறிப்பேட்டில் கையெழுத்துப் போடாதீர்கள்.