'விடு மச்சி' பேர்வழி

ஏப்ரல் 15-ஆம் தேதி வட சென்னைக் காசிமேட்டில் விசைப்படகுகளைக் கட்டிவிட்டால் ஜூன் 14 வரை, மொத்தம் 61 நாள், கடலுக்குப் போகக்கூடாது. மீன் இனப்பெருக்கத்துக்காக அரசு விதித்திருக்கும் தடைக்காலம். அந்த நாட்களில் மீன்கள் சொன்னபடி நடந்துகொள்கின்றனவா என்பது தெரியாது. பையன்கள் என்ன செய்கிறார்கள் என்பது ஊருக்கே தெரியும். வலைக் குவியல்மேல் சாய்ந்து, நாலு பேர், நாலு போன், ஒரே சண்டை. அந்த நாலு பேரில் மூன்று பேரின் குரல் ஏலக்கூடம் வரை கேட்கும். குரல் கேட்காத நாலாவது ஆளைப் பற்றித்தான் இங்கே பேச்சு.

இவருக்கு வயது இத்தனை, தொழில் இன்னது என்று கறாராகச் சொல்லிவிட முடியாது. துறைமுகத்துக்குள் நுழையக் காத்து நிற்கும் கன்டெய்னர் லாரி ஒன்றில், கேபினுக்குள் காலை நீட்டிக்கொண்டு போனில் கேம் ஆடும் டிரைவராக இருக்கலாம். மணலியில் நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டு, தேரடி டீக்கடை பெஞ்சில் கண் சிவக்க உட்கார்ந்திருப்பவராக இருக்கலாம். ராயபுரத்தில் செல்போன் டிஸ்பிளே மாற்றிக் கொடுப்பவராகவும் இருக்கலாம். (அந்த டிஸ்பிளேக்கள் எப்படி உடைந்தன என்று அவர் கேட்பதில்லை. தோற்ற கோபத்தில் சுவரில் அடித்தது எது, கை தவறி விழுந்தது எது என்று விரிசலைப் பார்த்தே சொல்லிவிடுவார்.) எங்கிருந்தாலும் அடையாளம் ஒன்றுதான். ஆட்டம் தோற்றதும் மற்றவர்கள் வாயிலிருந்து அச்சில் ஏற்ற முடியாத சொற்கள் வரும்போது, இவர் வாயிலிருந்து வருவது: "விடு மச்சி."

கேமில் இவருக்கு வேறு பெயர். இரண்டு பக்கமும் வாள், நடுவில் கொம்பு முளைத்த எழுத்துகளில் 'நார்த் மெட்ராஸ் அரக்கன்' என்று இருக்கும். அரக்கனின் கொலைக் கணக்கு பெரும்பாலும் பூஜ்யம். நல்ல நாளில் ஒன்று.

பிஜிஎம்ஐ ஆடாத வாசகர்களுக்காகக் கொஞ்சம். விமானத்திலிருந்து நூறு பேர் ஒரு தீவில் குதிப்பார்கள். நாலு நாலு பேராக ஒரு ஸ்குவாட். கிடைத்த துப்பாக்கியைப் பொறுக்கிக்கொண்டு, கடைசிவரை மிஞ்சுகிற அணிக்கு வெற்றி. குண்டு பட்டவர் உடனே சாவதில்லை. 'நாக்' ஆகித் தவழ்வார். கூட்டாளி வந்து பக்கத்தில் குந்தி, சுமார் பத்து நொடி நகராமல் இருந்தால் எழுந்துகொள்வார். ஒரு மனிதரின் சுபாவத்தை அறிய அந்தப் பத்து நொடி போதும்.

எங்கள் ஸ்குவாடின் கேப்டன் நாக் ஆனால் இப்படி: "டேய்! டேய்! ரிவைவ் குட்றா! இன்னாடா லூட்டு எட்த்துனுகிற? என் உசுரு போய்னு கீதுடா! உங்களயெல்லாம் நம்பி வந்தேன் பாரு!" இதில் எதிரி எங்கே இருக்கிறான் என்ற விவரம் ஒரு துளியும் கிடையாது. காப்பாற்ற ஓடி வருபவனும் அதே ஜன்னலுக்கு நேரே வந்து சுருண்டு விழுவான்.

நம்மவர் நாக் ஆனால் இப்படி: "மச்சி, லெஃப்ட்ல பச்ச வூடு. மாடில ரெண்டு பேரு. ஒர்த்தனுக்குப் பாதி எறக்கிட்டேன். இப்ப வராத, நீ வருவேன்னுதான் உக்காந்துனு கீறானுங்க. அவன முட்ச்சிட்டுப் பொறுமையா வா. வராங்காட்டியும் பரவால்ல."

இவரைப் புத்தர் என்று நினைத்துவிட வேண்டாம். இவர் கணக்குத் தெரிந்தவர். இந்த ஆட்டத்தில் எதிரியின் காலடிச் சத்தம் ஹெட்செட்டில் வலப்பக்கம் கேட்கிறதா, இடப்பக்கம் கேட்கிறதா என்பதில்தான் பாதி உயிர் இருக்கிறது. கேப்டன் மைக்கைத் திறந்துவைத்துப் பரம்பரையை இழுத்துத் திட்டிக்கொண்டிருக்கும்போது மாடிப்படி ஏறி வருகிறவனின் பூட்ஸ் சத்தம் யார் காதில் விழும்? அந்த மைக்கில் ஏற்கெனவே குக்கர் விசில், மாரியம்மன் கோயில் ஒலிபெருக்கி, "சோறு ஆறிப்போவுது, வர்றியா இல்லியா?" என்ற அம்மாவின் குரல் எல்லாம் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு விளக்கமும் தேவை. எங்கள் பக்கம் வசவு என்பது பெரும்பாலும் நிறுத்தற்குறி. மூச்சு விடும் இடத்தில் ஒன்று, வியப்புக்கு ஒன்று, பாசம் மிகுந்தால் இரண்டு. ஸ்குவாடில் மூன்று பேர்தான் தேறினார்கள் என்றால் நாலாவதாக முன்பின் தெரியாத ஒரு 'ரேண்டம்' வந்து சேருவான். ஒரு நாள் கோயம்புத்தூர்ப் பையன் ஒருவன் சேர்ந்தான். இரண்டு நிமிடம் கேப்டன் பேசியதைக் கேட்டுவிட்டுத் தழுதழுத்தான்: "ஏனுங்ணா, நான் என்ன தப்புப் பண்ணிப்போட்டேன்னு இப்புடி வையறீங்க?"

கேப்டனுக்கு உண்மையிலேயே புரியவில்லை. "எவன்டா உன்ன திட்னான்? பேசினு தானடா கீறேன்!"

நம்மவர்தான் மொழிபெயர்த்தார். "தம்பி, அண்ணன் உன்ன சொல்லல, நெட்ட சொல்றாரு. நீ என் பின்னாடி வா." பையன் பின்னாடியே வந்து, பதற்றத்தில் குண்டை வீசுவதற்குப் பதிலாகக் காலடியில் போட்டு, இருவரையும் சேர்த்து அனுப்பிவைத்தான். ஆட்டம் முடிந்ததும் கூட்டாளிக்கு லைக் போடும் பொத்தான் வரும். நம்மவர் அவனுக்கும் ஒரு லைக் போட்டார்.

திட்டுகிறவர்கள் எல்லாம் பிறவியிலேயே கெட்டவர்களா? 'லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்' ஆட்டத்தை நடத்தும் ரயட் நிறுவனம் இதை ஆராய்ந்து பார்த்தது. ஜெஃப்ரி லின் என்பவர் தலைமையில் நடந்த அந்த வேலையைப் பற்றி 2016-இல் 'நேச்சர்' இதழே எழுதியது. விடாமல் வம்பு செய்கிறவர்கள் ஆட்டக்காரர்களில் சுமார் 1 சதவீதம்தான். மொத்த வசவில் அவர்கள் பங்கு 5 சதவீதம்தான். மற்றதில் பெரும்பகுதி, அன்றைக்கு நாள் சரியில்லாத சாதாரண ஆட்களுடையது. எங்கள் கேப்டனைப் பார்த்தால் இந்தக் கணக்கை நம்பலாம். ஓவர்டைம் கிடைக்காத நாளில் அவர் வாய் ஒரு மாதிரி இருக்கும், சம்பளம் ஏறிய அன்று வேறு மாதிரி இருக்கும்.

வட சென்னைக்குக் கூட்டு ஆட்டம் புதிதும் அல்ல. தெருவுக்குத் தெரு கேரம் போர்டு கிடந்த ஊர் இது. சென்னைக்காரர் மரிய இருதயம் 1991-இலும் 1995-இலும் உலக சாம்பியன் ஆகி, 1996-இல் அர்ஜுனா விருதும் வாங்கினார். புது வண்ணாரப்பேட்டை ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமா, 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்று வந்தார். கேரம் டபுள்ஸில் பார்ட்னர் எதிரே உட்கார்ந்திருப்பார். இடையில் இருப்பது 74 சென்டிமீட்டர் பலகை. விழ வேண்டிய காயை விட்டுவிட்டு ஸ்ட்ரைக்கரை அவர் குழியில் போட்டால், இவர் செய்யக்கூடியது பலகையில் இன்னும் கொஞ்சம் பவுடர் தூவுவதுதான். அந்த மனிதரின் மூஞ்சி கண்ணெதிரே தொங்கிக்கொண்டிருக்கும். அதைப் பார்த்துக்கொண்டே திட்ட மனசு வராது. வந்தாலும் நாளைக்கு ஜோடி சேர ஆள் கிடைக்காது. போனில் மூஞ்சி இல்லை, கொம்பு முளைத்த எழுத்து மட்டும்தான் இருக்கிறது. நம்மவரின் ரகசியம் இவ்வளவுதான் என்று நினைக்கிறேன். எழுத்துக்குப் பின்னால் ஒரு மூஞ்சி இருப்பது அவருக்கு மறப்பதில்லை.

இத்தனை நல்லவரோடு ஆடுவது சுகமா என்றால், இல்லை. சில நாள் தாங்க முடியாது. பாராசூட்டிலிருந்து இறங்கி, கதவைத் திறந்து, உள்ளே இருந்தவன் நாலு பேரையும் ஒரே மூச்சில் சுட்டு முடித்த ஆட்டத்திலும் இவர், "நல்லா ஆட்னோம் மச்சி" என்பார். கேப்டன் தலையில் அடித்துக்கொள்வார்: "எங்கடா ஆட்னோம்? எறங்குனோம், செத்தோம்!" "எறங்குன எடம் கரெக்டு மச்சி, டைமிங்தான் மிஸ்ஸு." இதற்கு நேராக நாலு வசவு வாங்கிவிடலாம் என்று தோன்றும்.

அரசாங்கம் கை வைத்தபோதும் இவர் அசையவில்லை. 2020 செப்டம்பர் 2-ஆம் தேதி பப்ஜியைத் தடை செய்தபோது தெருவே இழவு வீடாகிவிட்டது. "விடு மச்சி, வேற பேர்ல வரும்" என்றார். 2021 ஜூலையில் பிஜிஎம்ஐ என்ற பெயரில் வந்தது. 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயர் என்ற ஆட்டமும் தடையில் போனது, ஜூலையில் பிஜிஎம்ஐயும் ஆப் கடையிலிருந்து காணாமல் போனது. அதற்கும் அதே சொல். 2023 மே மாதம் திரும்பி வந்தபோது மட்டும், "சொன்னனா இல்லியா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். 2025-இல் தமிழ்நாடு அரசு பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்கு நள்ளிரவு 12 முதல் காலை 5 மணிவரை தடை என்று விதி கொண்டுவந்தது. எங்கள் பக்கத்து அம்மாக்கள் அதைப் பணம் கட்டாத ஆட்டங்களுக்கும் நீட்டித்துவிட்டார்கள். இதற்கு எந்தக் கோர்ட்டுக்கும் போக முடியாது. ரௌட்டர் சுவிட்ச் அவர்கள் தலைமாட்டில் இருக்கிறது.

இப்போது ஊரில் ஒரு மாற்றம். கேப்டனும் திருந்த முடிவெடுத்திருக்கிறார். போன வாரம் ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில், ஜெயிக்க ஒரே ஒருவன் பாக்கி இருக்கும்போது, அவருடைய கூட்டாளி வண்டியை ரிவர்ஸ் எடுத்து அவர்மேலேயே ஏற்றிவிட்டான். ஒரு நொடி மௌனம். அப்புறம் மைக் கிழிய வந்தது: "விடு மச்சி! டேய்! வுட்றா! வுடுன்னா வுடுடா! நான்தான் சொல்றேன்ல, வுட்றா டேய்!"

உள்ளேயிருந்து அவர் அம்மா கேட்டார்: "யார்றா உன்னப் புட்ச்சினு கீறது?"