மீன்தொட்டியில் சல்வீனியா ஆட்சி: கற்பிட்டிக் கரையிலிருந்து ஓர் ஆராய்ச்சி

மீன்தொட்டி வைத்திருப்போர் இரண்டு கட்சியினர். மிதக்கும் செடி தொட்டிக்கு அழகு என்பது ஒரு கட்சி. அதை அள்ளி அள்ளிக் கை ஓய்ந்தவர்கள் மற்றக் கட்சி. முதலாவது கட்சியில் சேருவோர் எல்லாம் விரைவிலேயே இரண்டாவதற்குத் தாவிவிடுகிறார்கள். இந்தக் கட்சித்தாவலின் காரணங்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வுக்களம், கற்பிட்டியில் ஒரு வீட்டு விறாந்தையில் உள்ள கண்ணாடித் தொட்டி. குடிமக்கள்: சில கப்பிகள், தனிமை விரும்பியான ஒரு ஃபைட்டர், மேலே மிதக்கும் சல்வீனியா. கருவி: குசினியிலிருந்து அனுமதியின்றிப் பெறப்பட்ட தேயிலை வடி. ஆய்வுக்கு வந்த முதல் விமர்சனம் மாமியுடையது: “இதென்ன மகன், மீன் வளக்கிறீங்களா, கீரை வளக்கிறீங்களா?” இவ்வினாவுக்கு இத்துறையில் இன்னும் விடை எழுதப்படவில்லை.

முதலில் வரலாறு. ஐக்கோர்னியா, அதாவது ஊரில் ஜப்பான் ஜபர என்று திட்டு வாங்கும் செடி, இலங்கையில் தனக்கென்றே ஒரு சட்டத்தைச் சம்பாதித்தது: 1909ஆம் ஆண்டின் கட்டளைச்சட்டம். ஒரு செடிக்கு எதிராக அரசாங்கமே எழும்பி நின்றும் அது குளங்களில் ஊதாப்பூ பூத்துக்கொண்டுதான் இருக்கிறது. சல்வீனியாவோ 1939இல் தாவரவியல் படிப்பிக்கவென்று கொழும்புக்கு வந்தது. படிப்பு முடிந்தபின் வயல்களுக்கும் குளங்களுக்கும் தானாகவே இடமாற்றம் பெற்றுக்கொண்டது. ஆக, இந்தத் தொல்லையை நாட்டுக்குக் கொண்டுவந்தவர்கள் கற்றோர்களே. இன்னொரு கற்றோர் கட்டுரை அதைத் தீர்க்கும் என்று வாசகர் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம்.

இனி உடலமைப்பு. ஒரு சல்வீனியாத் துண்டைக் கையிலெடுத்துப் பாருங்கள். மேலே நுண்மயிர்கள், தண்ணீர் விட்டால் முத்தாக உருண்டு ஓடும். கீழே வேர்போலத் தொங்குவது வேரல்ல, உருமாறிய மூன்றாவது இலை. இது பன்ன இனம். பூவும் இல்லை, முளைக்கக்கூடிய வித்தியும் இல்லை. உடைந்த துண்டே பிள்ளை. மூன்று நாளைக்கொருமுறை இரட்டித்தால் ஒரு துண்டு முப்பது நாளில் 1,024 ஆகும். பாதித் தொட்டிதானே மூடியிருக்கிறது, இன்னும் பாதி இருக்கிறதே என்று ஆறுதலடைகிறவருக்கு மிச்சமிருப்பது மூன்றே நாள்.

கற்பிட்டியில் இது இத்தனை கொழுப்பதற்கு என்ன காரணம்? மீனின் கழிவு என்பது பொதுவான விடை. இங்கே இன்னொன்றும் உண்டு. மணல் தரையில் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் அள்ளிப்போடும் பசளை நேரே நிலத்தடி நீருக்கு இறங்குகிறது. உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று என்று எல்லை வைத்திருக்கிறது. கற்பிட்டித் தீபகற்பத்தின் கிணறுகள் பல அதைத் தாண்டியிருப்பது அளந்து கண்ட விடயம். அந்தக் கிணற்றுத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றுகிறோம். தோட்டக்காரர் காசு கொடுத்த பசளையில் நம் சல்வீனியா வளர்கிறது. ஒரு வகையில் அது நல்ல வேலைதான் செய்கிறது, நைத்திரேற்றை உறிஞ்சுகிறது. நம்மைப்போல அதுவும் அளவு தெரியாமல் சாப்பிடுகிறது, அவ்வளவுதான். மேற்பரப்பு முழுக்க மூடினால் கீழ்ச்செடிக்கு வெளிச்சமில்லை, தண்ணீருக்குக் காற்றில்லை, விடியற்காலையில் கப்பிகள் மேலே வந்து வாய் பிளக்கும்.

கட்டுப்படுத்தும் முறைகளில் மிக மேன்மையானது வண்டு. பிரேசிலைப் பூர்வீகமாகக் கொண்ட, இரண்டு மில்லிமீற்றர் அளவேயான ஒரு மூக்குவண்டு அவுஸ்திரேலியாவில் ஓர் ஏரியையே துப்புரவாக்கியது. 1986இல் இலங்கை நீர்நிலைகளிலும் விடப்பட்டு நன்றாகவே வேலை செய்தது. விறாந்தைக்கு வண்டு கேட்டு விண்ணப்பிக்கும் படிவம் எதுவும் இல்லாததால் இம்முறையை இங்கே கைவிடுகிறோம். அடுத்தது வளைய முறை: ஏர் பம்ப் குழாயில் ஒரு துண்டை வட்டமாகப் பொருத்தி மிதக்கவிட்டு, செடியை அதற்குள் அடைப்பது. உணவு போட இடம் கிடைக்கும், வெளிச்சமும் இறங்கும். ஃபில்டர் தண்ணீர் மேற்பரப்பைக் கலக்கும்படி திருப்பி வைத்தாலும் செடிக்குச் சங்கடம். ஆயினும் இறுதி அதிகாரம் தேயிலை வடிக்கே. வாரத்தில் ஒருநாள் பாதியை அள்ளினால் போதும். முற்றாக ஒழிப்பேன் என்று சபதம் எடுப்பது வீண்.

அள்ளியதை எங்கே போடுவது? உப்பு இதற்கு ஆகாது, எனவே புத்தளம் களப்பில் பிழைக்காது. அதற்காகக் களப்பில் கொட்டுவது நாகரிகமல்ல. ஆபத்து நன்னீரில்தான். வெயில் மணலில் பரப்பி, மொறுமொறுவென்று காய்ந்தபின் மிளகாய்க் கன்றடியில் போடுங்கள். வாய்க்காலிலோ, ஒல்லாந்தர் கால்வாயிலோ, தப்போவக் குளத்திலோ தயவுசெய்து வீசாதீர்கள். ஒரு துண்டு போதும்.