கவுன்சிலர் வீட்டுக்காரர்

பலகையில் இருப்பது அம்மாவின் பெயர். அதற்குக் கீழே உள்ள செல் நம்பரை அடித்தால் எடுப்பவர் ஐயா.

"சொல்லுங்க, கவுன்சிலர்தான் பேசறேன்."

நான் ஓட்டுப் போட்டது ஒரு பெண்மணிக்கு என்றுதான் ஞாபகம். முதல் தடவை, பாவம் அம்மாவுக்குத் தொண்டை கட்டியிருக்கிறது போல என்று நினைத்துக்கொண்டேன்.

"மேடம் இருக்காங்களா?"

"எதுக்கு? எதுவா இருந்தாலும் நம்மகிட்டயே சொல்லலாமே."

இந்த 'நம்ம' இருக்கிறதே, அதுதான் அவருடைய மூலதனம். தன்மை, முன்னிலை, படர்க்கை எல்லாம் நமக்குப் பரீட்சையோடு போயிற்று. அவர் அதை வைத்து ஒரு வார்டையே நடத்துகிறார்.

தெருவிளக்கு எரிந்தால் 'நான்'. "கமிஷனர் ரூமுக்கே போய் நான் சத்தம் போட்டேன் சார். மறுநாளே எல்.இ.டி. வந்துச்சில்ல?" அதே விளக்கு மூன்றாம் நாள் கண்ணை மூடிவிட்டால் 'நாங்க'. "நாங்களும் எழுதிக் குடுத்துக்கிட்டேதான் சார் இருக்கோம்." இந்த நாங்களில் ஜே.இ. உண்டு, லைன்மேன் உண்டு, டெண்டர் எடுத்தவர் உண்டு. இத்தனை பேருக்குள் இவரைத் தேடிப் பிடிப்பதற்குள் நமக்கு இருட்டு பழகிவிடும். மழை அடித்து முழங்கால் அளவு தண்ணீர் நின்றால் 'நாம'. "நாமதான் சார், பிளாஸ்டிக்கைப் போட்டுப் போட்டு வடிகாலை அடைச்சு வெச்சிருக்கோம்." வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் நிற்கிற நானும் ஒரே நொடியில் கூட்டுக் குற்றவாளி. ஆடிட் என்று யாராவது ஃபைலைத் தூக்கினாலோ 'அவங்க'. "கையெழுத்துப் போட்டது அவங்க. கவுன்சிலரும் அவங்கதானே? நான் வெறும் வீட்டுக்காரன் சார்."

நாமும் நாங்களும் வேறு வேறு என்பதை எங்கள் தமிழ் வாத்தியார் பிரம்பை வைத்துக்கொண்டு சொல்லியும் எனக்கு ஏறவில்லை. ஒரு மழைக்காலத்தில் இவர் ஏற்றிவிட்டார்.

அவர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. வட்டச் செயலாளராக எத்தனை கொடி நட்டவர், எத்தனை பந்தல் போட்டவர்! 2016-இல் அறிவித்த உள்ளாட்சித் தேர்தலை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. பிறகு ஐந்து வருஷத்துக்கு மேல் மாநகராட்சிகளில் தனி அலுவலர் ஆட்சி. அதுவரை மடித்து வைத்த கதர்ச் சட்டை மஞ்சள் பூத்துப்போன நேரத்தில், 2022 பிப்ரவரி தேர்தலுக்கு வார்டுப் பட்டியல் வருகிறது. எங்கள் வார்டுக்கு நேரே 'பெண்கள்' என்று போட்டிருக்கிறது. பெண்களுக்குப் பாதி இடம் என்று 2016-லேயே சட்டம் வந்துவிட்டது. இருந்தாலும் அந்தப் பாதி தன் தலையில்தான் விழும் என்று யார் எதிர்பார்ப்பார்கள்? அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை என்று எதிர்வீட்டில் சொன்னார்கள். மறுநாள் காலை கட்சி ஆபீஸில் முதல் ஆளாக நின்றார். கையில் மனைவியின் வாக்காளர் அட்டை, இரண்டு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ.

சென்னைக்கு 1956-லேயே ஒரு பெண் மேயர் உண்டு, தாரா செரியன். அவருடைய கணவர் பி.வி. செரியன் அதற்கு முன்பே மேயராக இருந்து முடித்தவர். அப்போது சட்ட மேலவைத் தலைவர், பிற்பாடு மகாராஷ்டிர ஆளுநர். வீட்டுக்காரருக்குச் சொந்தமாக ஒரு வேலை இருப்பது மாநகராட்சிக்கு எவ்வளவு நல்லது என்று பாருங்கள்.

எங்களவருக்கு இதுதான் வேலை. மன்றக் கூட்டத்தில் அவருக்கு நாற்காலி கிடையாது. வாசலில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து வாட்ஸப்பில் கேள்வி அனுப்புவார், உள்ளே அம்மா எழுந்து வாசிப்பார். வெள்ளைச் சட்டைப் பையில் தலைவர் படம் வெளியே தெரியும். அதற்குப் பின்னால் கவுன்சிலரின் ரப்பர் ஸ்டாம்ப். ஸ்டாம்பின் ஊதா மை கசிந்து தலைவரின் காதுப் பக்கம் ஒரு ரூபாய் அகலத்துக்குக் கறையாக நிற்கிறது. எந்த சோப்புக்கும் போகாத கறை. கைப்பையில் லெட்டர்பேடு, ஒவ்வொரு தாளின் அடியிலும் அம்மாவின் கையெழுத்து முன்கூட்டியே போட்டது. மேலே என்ன எழுதுவது என்பது ஐயாவின் இஷ்டம்.

இதுவரைகூடச் சிரித்துவிட்டுப் போகலாம். என் வீட்டில் போர்வெல் போட்ட கதைக்குச் சிரிப்பு வரவில்லை. லாரி வந்து கம்பியை நிறுத்திய பத்தாவது நிமிஷம் பைக்கில் வந்து இறங்கினார். "என்ன சார், நம்மகிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே?" 2023 ஜூலையிலிருந்து மாநகராட்சி கவுன்சிலருக்கு மாதம் 10,000 ரூபாய் மதிப்பூதியம். அது அம்மாவுக்கு. வீட்டுக்காரருக்கு என்று அரசாணையில் எதுவும் போடவில்லை. அந்தக் குறையை என் வீட்டு வாசலில் வைத்து அவரே தீர்த்துக்கொண்டார். கொடுத்தேன். லாரிக்கு மணிக்கணக்கில் வாடகை ஓடிக்கொண்டிருக்கும்போது யார்தான் சட்டம் பேசுவது? ரசீதா? போங்க சார்.

போன மாதம் ஒரு ராத்திரி, பதினொரு மணி இருக்கும். வாசல் மேன்ஹோல் பொங்கி, கோலம் போடுகிற இடம் வரைக்கும் வந்துவிட்டது. வேறு வழியில்லாமல் அந்த நம்பரை அடித்தேன். பெண் குரல். ராங் நம்பர் என்று வைக்கப் பார்த்தேன்.

"அவர் தூங்கறார். என்னன்னு என்கிட்ட சொல்லுங்க."

சொன்னேன். கதவு எண் கேட்டார். மூடி கிழக்கே இருப்பதா, முனையில் இருப்பதா என்று கேட்டார். எத்தனை நாளாக, குழாய்த் தண்ணீரில் வாடை வருகிறதா, வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறதா? இருந்தால் காலையில் குழாய்த் தண்ணீரைக் காய்ச்சாமல் தர வேண்டாம் என்றார். நடுவில் பென்சில் தேடும் சத்தம். இரண்டு வருஷமாக இந்த வார்டைப் பற்றி அந்த வீட்டிலிருந்து என்னிடம் யாரும் ஒரு கேள்வி கேட்டதில்லை.

காலை ஆறு மணிக்கு அடைப்பெடுக்கிற லாரி வந்து நின்றது. ஏழு மணிக்கு ஐயா வந்தார், குளித்து, திருநீறு பூசி, பையில் ஊதாக் கறையோடு. குழாய் உறுமுவதைக் கொஞ்ச நேரம் இடுப்பில் கை வைத்துப் பார்த்தார்.

"ராத்திரி கண்ணே மூடலை சார். நான்தான் லாரிக்குப் போன் போட்டேன்."