கொடியில் புழலுக்கு ஓர் ஓரம்

1970இல் கருணாநிதி, தமிழ்நாட்டுக்குத் தனிக்கொடி மாதிரி ஒன்றை டெல்லியில் காட்டினார். ஒரு மூலையில் மூவண்ணம், இன்னொரு மூலையில் கோபுரம். சலசலப்பு ஏறியது, கொடி ஏறவில்லை.

அமெரிக்காவில் பொகடெல்லோ என்றொரு ஊர். 2004இல் கொடி ஆர்வலர்கள் நடத்திய வாக்கெடுப்பில் அந்நாட்டு நகரக் கொடிகளிலேயே அவலட்சணம் அவ்வூர்க் கொடிதான் என்று தேர்வானது. ஊர் கூசிப்போய் 2017இல் புதுக்கொடி ஏற்றியது. கொடிக்காகக் கூசும் ஊரும் இருக்கிறது பாருங்கள்!

சென்னைக்கு ஒன்று வரைந்தால் ரிப்பன் மாளிகையும் கலங்கரை விளக்கமும் தாமாகவே வந்து உட்கார்ந்துவிடும். 2011இல் மாநகராட்சியோடு சேர்ந்த புழல்காரர்கள் நாங்கள் கேட்பது ஓர் ஓரம்தான். ஏரிக்கு நீலம், நீங்கள் குடிக்கிற தண்ணீர் அது. மத்திய சிறைக்கு நெடுங்கோடுகள். குறுக்கே ஒரு கன்டெய்னர் லாரி, நகராமல். சாம்பல் நிறத்துக்குச் சாயம் வேண்டாம், கொடியை ஒரு வாரம் எண்ணூரில் காயப்போட்டால் போதும்.

கம்பம்தான் சிக்கல். பொது இடங்களில் உள்ள கட்சிக் கொடிக்கம்பங்களை அகற்றும்படி 2025 ஜனவரியில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. பிடுங்கியதில் ஒன்றைப் பழைய இரும்பு விலைக்குத் தருவார்களா என்று விசாரிக்க வேண்டும்.