கார்டு சார்

திருவனந்தபுரத்தில் ஆண்கள் எல்லாரும் சார்தான். தாசில்தாரும் சார், டியூஷன் எடுக்கும் பையனும் சார். முன்னால் ஓர் அடைமொழி இல்லாவிட்டால் யாரைச் சொல்கிறார்கள் என்றே விளங்காது. யோகா சார், ஷேர் சார், சர்க்கரை சார் (இவர் சர்க்கரை விற்பவர் அல்ல) என்ற வரிசையில் கார்டு சாரும் ஒருவர். கரமனையில் ஒருவர் இருந்தால் பேரூர்க்கடையில் இன்னொருவர் இருப்பார். பெரும்பாலும் நாகர்கோவில் பூர்வீகம். 1956இல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது, நிலம் வைத்திருந்த பாதிக் குடும்பம் அங்கும், சர்க்கார் சம்பளம் வாங்கிய பாதி இங்குமாக நின்றுபோன வம்சம். ஏதோ ஒரு கணக்கு ஆபீஸில் முப்பது வருஷம் பிறர் எழுதியதில் தப்புக் கண்டுபிடித்துவிட்டு, ஓய்வு பெற்ற மறுமாதம் தாமே எழுத உட்கார்ந்துவிட்டவர்.

எழுதுவது தபால் கார்டு. எழுதுவது முன்பின் தெரியாதவர்களுக்கு. இந்த இரண்டாவது நிபந்தனையில் அவர் மிகவும் கறார். தெரிந்தவருக்கு எழுத என்ன இருக்கிறது என்பார். ஷார்ஜாவில் இருக்கும் மகன் பண்டிகைக்கு வாழ்த்து அனுப்பினால் பதிலுக்கு ஒரு கட்டைவிரல் போகும், அவ்வளவுதான். பக்கத்து வீட்டுக்காரரோடு மதில் தாண்டி விழும் மாவிலை விஷயமாகப் பல வருஷமாகப் பேச்சே கிடையாது. ஆனால் தைவானில் பள்ளிக்கூடம் போகும் ஒரு பெண்ணுக்குப் பரீட்சை நல்லபடி நடக்கவேண்டுமே என்று பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வருவார்.

இதற்கென்று உலகளாவிய ஏற்பாடே இருக்கிறது. போர்ச்சுகலில் பாவ்லோ மகல்யாயிஷ் என்ற மாணவர் 2005 ஜூலையில், வீட்டுத் துணி அலமாரிக்குள் வைத்த பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் நடத்தத் தொடங்கிய போஸ்ட்கிராஸிங். பெயரைப் பதிந்துகொண்டு விலாசம் கேட்டால், உலகத்தின் ஏதோ மூலையில் இருப்பவரின் விலாசமும் ஓர் எண்ணும் கிடைக்கும். எண்ணைக் கார்டில் எழுதி அனுப்பவேண்டும். அவர் அதைப் பெற்றுப் பதிந்ததும், வேறொரு மூலையிலிருந்து வேறொருவர் நமக்கு எழுதுவார். நாம் யாருக்கு எழுதினோமோ அவர் நமக்கு எழுதுவதில்லை. மொய் நோட்டு வைத்து, போட்டவருக்கே திருப்பிப் போட்டுப் பழகிய நமக்குக் கொஞ்சம் தலை சுற்றும். ஆனாலும் இப்படி ஏழு கோடிக்கும் மேற்பட்ட கார்டுகள் போய்ச் சேர்ந்திருக்கின்றன. புதிதாகச் சேர்ந்தவருக்கு ஒரே சமயத்தில் ஐந்து கார்டுதான் வழியில் இருக்கலாம். அனுப்ப அனுப்ப அந்த எண்ணிக்கை கூடும். ஆபீஸில் கிடைக்காமல் போன கடைசி பிரமோஷன் கார்டு சாருக்கு இதில்தான் கிடைத்தது.

தமிழில் இதற்கு முன்னோர் இல்லாமல் இல்லை. திருநெல்வேலி சுடலைமாடன் கோயில் தெருவிலிருந்து விமர்சகர் தி.க.சி., முகம் பார்த்திராத இளம் எழுத்தாளர்களுக்கெல்லாம் கார்டு போட்டுக்கொண்டே இருந்தார். வல்லிக்கண்ணனும் அப்படித்தான். முதல் கதை அச்சான வாரம் இவர்களிடமிருந்து ஒரு கார்டு வந்துவிட்டால் பையன் இலக்கியவாதி ஆகிவிட்டான் என்று வீட்டில் பயந்தார்கள். அவர்கள் ஒன்றைப் படித்துவிட்டு எழுதினார்கள். நம்மவருக்கு விலாசம் கிடைத்தால் போதும். இன்னொரு முன்னோரையும் மறைக்கக்கூடாது. 'இதைப் பார்த்ததும் பதின்மூன்று பேருக்கு எழுதி அனுப்பவும், அலட்சியம் செய்தவர் ரத்தம் கக்கினார்' என்று பெருமாள் பேரில் வரும் அந்தக் கார்டு. அதை எழுதியவரும் நமக்கு முன்பின் தெரியாதவர்தான், அவருக்கும் நம் க்ஷேமத்தில் அக்கறை இருந்தது.

காலை பத்து மணிக்குச் சாப்பாட்டு மேஜை அவர் வசம் வரும். இரண்டு தடவை ஈரத்துணியாலும் ஒரு தடவை உலர்ந்த துணியாலும் துடைப்பார். சாம்பார்ப் பருக்கை ஒன்று ஒட்டிக்கொண்டு கடல் தாண்டிப் போனால் தேசத்துக்கு அவமானம். பிறகு பேனாக்கள். விலாசத்துக்குக் கறுப்பு, விஷயத்துக்கு நீலம். சிவப்பு மேஜைக்கே வரக்கூடாது. வந்தால் கை பழைய ஞாபகத்தில் எதிராளியின் ஸ்பெல்லிங்கைத் திருத்தப் போய்விடும். முதலில் தினசரி காலண்டர் தாளின் பின்பக்கத்தில் நகல். அதில் வரிகளை எண்ணி, பதினான்கு சென்டிமீட்டருக்கு ஒன்பது சென்டிமீட்டர் அட்டையின் இடதுபாதியில் அடங்குமா என்று கணக்குப் பார்ப்பார். அடங்காவிட்டால் வெட்டுவார். வெட்டுவது முதலில் தம்மைப் பற்றிய வரிகளை, கடைசியில் வெயிலைப் பற்றிய வரியை. எண்ணை இரண்டு இடத்தில் எழுதுவார். ஒன்றின் மேல் முத்திரை விழுந்து அழிந்தாலும் இன்னொன்று பிழைக்கும். நாட்டின் பெயர் கடைசி வரியில், பெரிய எழுத்தில், அடிக்கோட்டோடு.

பேனா விஷயத்தில் அவருக்கு ஒரு துயர வரலாறு உண்டு. மைப்பேனாதான் மரியாதை என்று நம்பி எழுதிக்கொண்டிருந்தார். எடவப்பாதி மழையும் துலாவர்ஷமுமாக இரண்டு மழைக்காலம் உள்ள ஊர் இது. ஜூனில் அனுப்பிய ஒரு கார்டைப் பெற்ற பிரேசில்காரர், 'உங்கள் நீர்வண்ண ஓவியம் அருமை' என்று நன்றி சொல்லியிருந்தார். அன்றோடு பால்பாயிண்ட்.

படக் கார்டு கிடைப்பது அடுத்த பாடு. இத்தனை லட்சம் சுற்றுலாப் பயணிகள் வரும் ஊரில் ஒழுங்கான படக் கார்டு விற்கும் கடை தேடினால் காலணி தேயும். கோவளத்துக் கடைகளில் கம்பியில் தொங்கும் கதகளிக்காரர் வெயில் பட்டுப்பட்டு வெளுத்துக் காமாலைக்காரராகியிருப்பார். எதிர்முனையில் இருப்பவர்களுக்கோ விருப்பங்கள் நீளம்: கலங்கரை விளக்கம் வேண்டும், ஆந்தை வேண்டும், சுற்றுலாப் படம் வேண்டாம், பெருமாள் கோயில் வேண்டாம், ரயில் வேண்டும். கலங்கரை விளக்கம் கேட்பவர்களுக்கு விழிஞ்ஞத்துச் சிவப்பு வெள்ளைப் பட்டைக்காரன் இருக்கிறான். ஆந்தைக்கு எங்கே போவது? கடைசியில் சாலைக் கடைத்தெருப் பக்கம் ஓர் அச்சகத்தைப் பிடித்து, தாமே எடுத்த படங்களைக் கெட்டி அட்டையில் அச்சடித்துக்கொண்டார். ஆந்தை மட்டும் பேத்தி வரைந்தது. ஜெர்மனியில் அதைக் கோழி என்று பதிந்திருக்கிறார்கள்.

புளிமூடு ஜி.பி.ஓ.வில் தபால்தலை சேகரிப்பாளர்களுக்கான கவுண்டர் இருக்கிறது. அங்கே உள்ள சேச்சிக்கு அவரைக் கண்டதும் ஒரு பெருமூச்சு வரும். சாதாரண ஸ்டாம்ப் வாங்க மாட்டார். பறவை போட்டது, பாலம் போட்டது, புதிதாக வந்தது என்று ஒவ்வொன்றாக எடுத்துப் போடச் சொல்லி, தொகை சரியாக வருமாறு மூன்றைப் பொறுக்குவார். பின்புறத்துப் பசையில் நம்பிக்கை இல்லாததால் பையில் சொந்தப் பசை டப்பா. ஒட்டியபின் ஓரம் ஓரமாக நகத்தால் நீவி, கவுண்டருக்குள் கார்டை நீட்டி, "சேச்சி, சீல் தெளிஞ்ஞு வீழணும், கேட்டோ?" என்பார். அந்த அம்மாள் பதினெட்டுக் கார்டிலும் முத்திரை குத்தி முடிக்கும்வரை மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பார். தெருவோரப் பெட்டியில் போடும் வழக்கமே கிடையாது. உள்ளே பல்லி முட்டையிடுகிறது என்பது அவர் கட்சி. ராத்திரியில் எழுதியது தங்கிவிட்டால் தம்பானூர் ரயில்வே தபாலாபீஸ் (ஆர்.எம்.எஸ்.) வரை ஆட்டோ பிடிப்பார். ஆட்டோ கூலியைச் சேர்த்தால் அந்தக் கார்டை விமானத்தில் தனி சீட்டில் உட்காரவைத்து அனுப்பலாம். உள்நாட்டுக்கு மட்டும் ஐம்பது பைசா கார்டு. அதைக் கொண்டு சேர்க்க இலாகாவுக்கு ஆகும் செலவு இருபது மடங்குக்கும் மேல் என்று தெரிந்த நாள் முதல், போடும்போதெல்லாம் சர்க்கார் தமக்குப் பாக்கிச் சம்பளம் தருவதாக நினைத்துக்கொள்கிறார்.

எழுதும் விஷயம் என்ன? முதல் வரி வெப்பநிலை. இங்கே 32, அங்கே எவ்வளவு? அடுத்தது சரித்திரம். 1951 வரை எங்கள் திருவிதாங்கூருக்குச் சொந்தமாக அஞ்சல் இலாகா இருந்தது, பெட்டி பச்சை நிறம், மேலே சங்கு முத்திரை, மணி கட்டிய கோலோடு அஞ்சலோட்டக்காரர் வந்தால் எல்லாரும் வழிவிட வேண்டும் என்று பெருமை அடிப்பார். படம் வரையும் ஆளாக இருந்தால், ரவிவர்மாவுக்கு வந்து குவிந்த கடிதங்களுக்காகவே கிளிமானூரில் தபாலாபீஸ் திறந்தார்கள் என்று சொல்லப்படும் கதையும் போகும். மூன்றாவது, எல்லாரும் எதிர்பார்ப்பது. 2011இல் பத்மநாபசுவாமி கோயில் நிலவறைகளைத் திறந்து கணக்கெடுத்த செய்தி உலகம் பூராவும் போய்விட்டது அல்லவா? அதைப் பற்றி மிகச் சுருக்கமாக, சாவி தம் இடுப்பில் இருக்கும் தொனியில் எழுதுவார்: 'பி அறை இன்னும் திறக்கவில்லை.'

ஒருவருக்கு ஒரு கார்டுதான் என்பது அவருடைய சட்டம். நிறுவனம் அப்படி ஒன்றும் தடுக்கவில்லை, நட்பானவர்கள் தொடர்ந்து எழுதிக்கொள்ளலாம். ஆனால் இரண்டாவது கார்டு எழுதினால் பழக்கமாகிவிடும் என்பார். பழக்கமானால் விசேஷத்துக்குக் கூப்பிடவேண்டும், கூப்பிடாவிட்டால் மனஸ்தாபம். ஆகவே நீளப் பதிவேட்டில் வரிசை எண், தேதி, நாடு, ஒட்டிய ஸ்டாம்ப், போய்ச் சேர்ந்த நாள் எல்லாம் எழுதி, சேர்ந்ததும் 'முடிவுற்றது' என்று குறித்துவிடுவார். அறுபது நாள் ஆகியும் சேராதது காலாவதிப் பட்டியலுக்குப் போகும். அவர் ஏட்டில் அதன் பெயர் 'நிலுவை'. நிலுவைகள் அதிகமான மாதத்தில் வீட்டில் பாயசம் வைப்பதில்லை.

வருகிற கார்டு கதை வேறு. கார்டு திறந்த புத்தகம்; போஸ்ட்மேன் படிப்பார், படித்ததைக் கேட்டருகே நின்று சத்தமாகச் சொல்வார். "சேச்சீ, ஃபின்லண்டிலே பூச்சைக்குச் சுகமில்லத்ரே!" ஒரு ரிட்டயர்டு நர்ஸ் எழுதியிருந்தாள். தன் பூனைக்குச் சிறுநீரகக் கோளாறு, பதினாறு வயசு, டாக்டர் கையை விரித்துவிட்டார். கார்டு சார் பதிந்து, ஏட்டில் முடித்து, மூடிவிட்டார். அவர் மனைவிக்கு மூடவில்லை.

"பூச்சைக்கு இப்ப எப்படி இருக்குன்னு ஒரு வரி எழுதிக் கேக்கப்பிடாதா?"

"அது முடிஞ்ச ஐட்டம்."

"ஒங்களுக்கு முடிஞ்சிட்டு. அது உசிரோட கெடக்கா இல்லியான்னு நான்லா நெனச்சிட்டிருக்கேன்."

போஸ்ட்மேனும் வாரம் ஒருமுறை விசாரித்தார். மாவிலைப் பக்கத்து வீட்டுக்காரர்கூட மதிலுக்கு மேல் தலையை நீட்டி, மனைவியிடம் கேட்டதாகத் தகவல்.

ஒரு ஜனவரியில் தொலைபேசி வந்தது. பின்லாந்து நர்ஸ் கோவளத்தில் மூன்று வாரம் எண்ணெய்ப் பிழிச்சிலுக்கு வந்திருக்கிறாள். விலாசம் அவளிடம் இருந்தது. நம்பரைத் தேடிக் கொடுத்தது ரிசார்ட்டுக்காரர்கள். நாளைக் காலை வந்து பார்க்கலாமா என்று கேட்டாள். கார்டு சார் "வெல்கம், வெல்கம்" என்றார். வைத்ததும் முகம் வெளிறிவிட்டது. நேரில் வந்தால் என்ன பேசுவது? வெப்பநிலையை அவளே பார்த்துவிட்டாள். பி அறை திறக்கவில்லை என்றும் சொல்லியாகிவிட்டது. மறுநாள் விடியற்காலை, வயல் கரம் கட்டவேண்டும் என்று சொல்லி நாகர்கோவில் பஸ் ஏறிவிட்டார். வயலை விற்று வெகுகாலம் ஆகிறது.

மாலை திரும்பியபோது கூடத்தில் கலகலப்பு. நர்ஸ் கிளம்பியிருக்கவில்லை. மனைவி இருபது இங்கிலீஷ் வார்த்தைகளை வைத்துக்கொண்டு ரசவடை செய்முறை வரை போயிருந்தாள். போஸ்ட்மேன் யூனிஃபாரத்தோடு டீ குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுக்காரர் வாசற்படியில் உட்கார்ந்து நர்ஸின் செல்போனில் பூனைப் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். பூனை பிழைத்துவிட்டது, மருந்தை மீனில் வைத்துக் கொடுத்தார்களாம். கார்டு சார் வணக்கம் சொல்லி, கை குலுக்கி, வெயில் அதிகம் என்றார். அவள் ஆமாம் என்றாள். அதற்குமேல் இரண்டு பேருக்கும் ஒன்றும் அகப்படவில்லை.

இப்போது மனைவிக்கு ஹெல்சிங்கியிலிருந்து தினமும் காலையில் வாட்ஸப்பில் பூனை வருகிறது. பக்கத்து வீட்டுக்காரருக்கும் அதை அனுப்பிவைக்கிறாள். கார்டு சார் ஏட்டைப் பிரித்து, அந்த வரிசை எண்ணுக்கு எதிரே இருந்த 'முடிவுற்றது' என்பதைச் சிவப்பு மையால் அடித்து, பக்கத்தில் 'தெரிந்தவர்' என்று எழுதிச் சுருக்கொப்பம் இட்டார். நாகர்கோவில் தலைமைத் தபாலாபீஸில், வர இயலாமைக்கு வருத்தம் தெரிவித்து அவர் அவளுக்கே பின்லாந்து விலாசத்துக்குப் போட்ட கார்டு இன்னும் வழியில்தான் இருக்கிறது. அறுபது நாள் ஆகட்டும் என்கிறார்.